செடிக்கு வந்த ஜன்னல்

பசறையிலிருந்து லுணுகலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறி ஊசிமலைத் தோட்டம் என்று சொன்னால், கொண்டக்டர் ஒரு வளைவில் இறக்கிவிட்டு விசிலடித்துக்கொண்டு போய்விடுவார். அங்கிருந்து முக்கால் மணி நேரம் மேலே ஏறினால் கீழ்ப்பிரிவு லயம் வரும். கீழ்ப்பிரிவுக்கு ஏன் மேலே ஏற வேண்டும் என்று அந்தத் தோட்டத்தில் இதுவரை யாரும் கேட்டதில்லை. ஒரே தகரக் கூரையின் கீழ் ஒட்டிக்கொண்டு நிற்கும் பன்னிரண்டு வீடுகள். வீடு என்பது நாம் மரியாதைக்குச் சொல்வது. அங்கே உள்ளவர்களுக்கு அது காம்பரா.

பாக்கியலெட்சுமி அந்த லயத்தின் மூன்றாம் காம்பராவில் பிறந்து, ஏழாம் காம்பராவுக்கு வாழ்க்கைப்பட்டவள். நாற்பத்தாறு வயது. பதினெட்டு வயதிலிருந்து கொழுந்து பறிக்கிறாள். மகள் கொழும்பில் உடுப்புத் தைக்கிற இடத்தில் வேலை. புருஷன் நல்லையா தேயிலை ஃபெக்டரியில் பெரிய அடுப்புக்கு விறகு தள்ளுகிறான்.

அந்த ஃபெக்டரி அடுப்புக்கு ஐம்பது அடி உயரத்தில் ஒரு புகைக்கூண்டு இருக்கிறது. தேயிலையில் புகை வாசம் பிடித்துவிட்டால் ஏலத்தில் யாரும் தொடமாட்டார்கள் என்பதால் வருஷத்துக்கு ஒருமுறை அதைச் சுத்தம் செய்து பெயின்ட்டும் அடிப்பார்கள். நல்லையாவின் பெண்சாதிக்குப் புகை வாசம் பிடித்தால் யாரும் திருப்பி அனுப்பப் போவதில்லை. அதனால் அவளுடைய அடுப்புக்குப் புகைக்கூண்டு இல்லை.

புகைக்கூண்டு என்ன, ஜன்னலே இல்லை. சமையலறை எட்டடிக்கு ஆறடி. வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் சுவர். ஒரு கதவு உண்டு, அதுவும் உள்ளறைக்குத்தான் திறக்கும். காஸ் சிலிண்டர் ஒன்றும் உண்டு. விலை ஏறிய வருஷம் காலியானது, அன்றிலிருந்து அது முக்காலியாக இருக்கிறது. எரிப்பதற்கு, கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கிளைகளைச் சுமந்து வந்து காயவைப்பார்கள். தோட்டத்துப் பாஷையில் அதற்கு மிலாறு என்று பேர். நன்றாகக் காய்ந்த மிலாறு அழகாக எரியும். ஆனால் பதுளைப் பக்கத்து மழை மிலாறைக் காயவிடாது. அந்தச் சமையலறையில் புகை வெளியே போவதற்கு இருந்த ஒரே வழி, உள்ளே இருப்பவர்களின் மூக்கு.

பாக்கியத்துக்குக் கண் எப்போதும் கோவைப்பழம். இருமல் காலையில் சேவலுக்கு முந்தி எழுந்துவிடும். தோட்டத்து மருந்துக்கடையில் சொட்டு மருந்து கொடுத்து, "புகையில நிக்காதீங்க" என்றார்கள். அவள் ஒன்றும் ஆசைப்பட்டு நிற்கவில்லை.

அதனால்தான் ஜன்னல் கேட்டாள். ஆறு வருஷத்தில் ஐந்து கடிதம். முதல் கடிதத்துக்கு, கருங்கல் சுவரை உடைத்தால் கூரை இறங்கிவிடும் என்று பதில் வந்தது. இரண்டாவதுக்கு, கொழும்பில் ஓர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும் என்றார்கள். மூன்றாவதுக்கு, சீக்கிரமே எல்லோருக்கும் தனிவீடு வரப்போகிறது, பழைய லயத்துக்கு ஏன் வீண் செலவு என்றார்கள். அந்தத் தனிவீட்டுக்கு அடிக்கல் நாட்டிய இடத்தில் இப்போது ஆடு கட்டுகிறார்கள். நான்காவது கடிதம் தொலைந்து போனது. ஐந்தாவதை வாங்கிய நலன்புரி உத்தியோகத்தர் ஜெயரூபன், பெருமூச்சு விட்டு ஃபைலில் வைத்துக்கொண்டு, "பாப்போம்க்கா" என்றார். அவரும் லயத்துக் காம்பராவில் பிறந்து படித்து மேலே வந்தவர்தான். பெருமூச்சு மட்டும் இன்னும் பழைய இடத்திலேயே இருந்தது.

இப்படியிருக்கும்போதுதான், போன வருஷம் மாசி மாதத்தில், 'பசுமை மூச்சு' வந்து சேர்ந்தது.

அது ஒரு கருத்திட்டம். கொழும்பில் உள்ள ஒரு நிறுவனம், வெளிநாட்டு உதவியில் நடத்துவது. வெள்ளை வேன் ஒன்று மேட்டில் உறுமிக்கொண்டு ஏறி வந்து, கொழுந்துக்காரிகள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைமடுவத்துக்கு முன்னால் நின்றது. இறங்கியவள் பேர் யசோதினி. பண்டாரவளைப் பிள்ளை. படித்து முடித்து இரண்டு வருஷம் சும்மா இருந்தபின் கிடைத்த முதல் வேலை. நல்ல பிள்ளை. யாரையும் ஏமாற்றத் தெரியாதவள். அதனால் தன்னிடம் சொல்லப்பட்டதை எல்லாம் அப்படியே நம்புகிறவள்.

பெண்களை வரிசையாக உட்காரவைத்து, சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினாள். பளபளவென்று ஒரு சமையலறை. ஜன்னலோரம் செடி, அலுமாரி மேல் செடி, கூரையிலிருந்து தொங்கும் செடி.

"சமையலறைக்குள்ள செடி வச்சா, அது காத்துல இருக்கிற நச்சையெல்லாம் உறிஞ்சிடும்மா. புகையக் குடிச்சிட்டு நல்ல காத்தக் குடுக்கும். எங்க பணிப்பாளர் மேடம் வீட்டுக் குசினியில இந்தச் செடியெல்லாம் இருக்கு. அங்க காத்து அவ்வளவு சுத்தம்."

அங்கே சமைப்பதே இல்லை, சாப்பாடு வெளியிலிருந்து வருகிறது என்பதைப் பிறகு ஒருநாள் அவளே வாய்தவறிச் சொன்னாள். அன்றைக்குச் சொல்லவில்லை.

ஒன்பதாம் காம்பராப் பெரியாயி கையைத் தூக்கினாள். விதவை. ஐம்பதைத் தாண்டியவள். லயத்தில் அவள் வாய்க்குக் கங்காணி முதல் பூசாரி வரை பயம்.

"ஏன் மிஸ், ஒரு செடி எவ்வளவு பொகை குடிக்கும்?"

"அது... செடியப் பொறுத்தும்மா."

"இல்ல, குடிக்கிறேன்னு சொல்றதெல்லாம் கடைசில எங்க தலையிலதான விழுது. அதான் கேட்டேன்."

பெண்கள் சிரித்து ஓய்வதற்கு நேரம் பிடித்தது. யசோதினியும் சிரித்தாள், எதற்கென்று தெரியாமலே.

பாக்கியம் எழுந்து, மெதுவாக, "மிஸ், செடிக்குப் பதிலா ஒரு ஜன்னல் வச்சுக் குடுக்க ஏலாதா?" என்று கேட்டாள்.

யசோதினியின் முகம் வாடியது. "கட்டட வேலை எங்க கருத்திட்டத்துல வராதும்மா. நாங்க செடி மட்டுந்தான்."

பிறகு எல்லாச் சமையலறையையும் சுற்றிப் பார்த்து, லயத்திலேயே கரி அதிகமாகப் படிந்தது எது என்று அளந்து, பாக்கியத்தின் சமையலறையை 'மாதிரிச் சமையலறை' ஆக்கினார்கள். வாழ்க்கையில் அவள் முதலாவதாக வந்தது அதில்தான்.

அடுத்த கிழமை செடிகள் வந்தன. பன்னிரண்டு சட்டி. வெள்ளைப் பீங்கான், கீழே தனித் தட்டு. பாம்புச்செடி நாலு, மணி பிளான்ட் நாலு, சிலந்திச்செடி இரண்டு, சமாதான லில்லி இரண்டு. எட்டடிக்கு ஆறடியில் பன்னிரண்டு சட்டியை வைப்பதற்கு, அங்கே இருந்தவை வெளியேற வேண்டியிருந்தது. உப்புப்போத்தல் உள்ளறைக்குப் போனது. மிளகாய்த்தூள் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஏறியது. அம்மி வாசலுக்கு வந்தது. தொங்கவிட்ட இரண்டு சட்டியும் சரியாக நல்லையாவின் நெற்றி உயரத்தில் தொங்கின. முதல் மூன்று நாள் அவன் இடித்துக்கொண்டான். நான்காம் நாளிலிருந்து குனிந்து வந்தான்.

"இந்தா புள்ள, கோயிலுக்குள்ள போறப்பகூட நான் இப்பிடிக் குனிஞ்சதில்ல."

"மிஸ் சொல்லியிருக்கு, தொங்குறது அழகுக்காம். இடிச்சா செடிக்கு வலிக்கும், பாத்து நடங்க."

யசோதினி ஒரு தாளும் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். செடிப் பராமரிப்பு. கிழமைக்கு இரண்டு தரம் தண்ணீர். பஞ்சு நனைத்து இலைகளை ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். வெந்நீர் ஆவி படக்கூடாது. அதிகம் புகை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசி வரியைப் பாக்கியம் இரண்டு தடவை படித்தாள். புகையைக் குடிக்க வந்த செடி புகை படாமல் இருக்க வேண்டுமாம்.

ஆனாலும் அவள் சொன்னதைச் செய்கிறவள். காலையிலிருந்து மாலை வரை மலையில் நின்று இலை பறிப்பாள். கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, அட்டை கடித்த காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அங்கே இன்னொரு தோட்டம். பஞ்சை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து இலை துடைப்பாள். துடைத்த பஞ்சு கறுப்பாகிவிடும். அப்புறம் அடுப்பு மூட்டுவாள். துடைத்த இலை கறுப்பாகிவிடும்.

"பகல்ல எலைக்கு வேலை, பொழுது சாஞ்சாலும் எலைக்கு வேலை. உனக்கு எலை ஜாதகம்டி," என்றாள் பெரியாயி.

மூன்றாவது கிழமை, சமாதான லில்லி இரண்டும் செத்தன. பின்னாலேயே சிலந்திச்செடி ஒன்று. மற்றதெல்லாம் தலைசாய்ந்து நின்றன. பாக்கியத்துக்குப் பயம் வந்தது. யாரோ நம்பிக் கொடுத்த பிள்ளைகளைச் சாகவிட்டமாதிரி இருந்தது. அலுவலகத்தில் கேட்டால் என்ன சொல்வது? அந்தப் பயத்தில், செத்த செடிகளின் மேலேயும் இரண்டு நாள் தண்ணீர் ஊற்றினாள்.

மாதம் முடிய யசோதினி ஃபோமோடு வந்தாள். 'செடிநல அவதானிப்புப் படிவம்.' பதினான்கு கேள்வி. இலையின் நிறம், புதிய துளிர்கள், மண்ணின் ஈரம், தண்டின் உறுதி. காலியான காஸ் சிலிண்டர் மேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். பாக்கியம் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இருமல் வந்தது. அடிவயிற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும் இருமல். சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். யசோதினி பேனையை மூடாமல் காத்திருந்தாள். பிறகு தாளை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். அந்த இருமலை எழுதுவதற்கு அதில் இடம் இல்லை.

"உங்களுக்கு ரொம்ப நாளாவே இருமலாம்மா?"

"செடி வாறதுக்கு முன்னாடி இருந்தே இருக்கு மிஸ். அத எழுதாதீங்க, செடிக்குக் கெட்ட பேராயிரும்."

யசோதினி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பிள்ளைக்கும் மனசு என்று ஒன்று இருந்தது. ஃபோமில் அதற்கும் இடம் இல்லை. பிறகு ஒரு பாம்புச்செடியைத் தூக்கி, டோச் வெளிச்சத்தில் இலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"புகை மட்டும் இல்லம்மா. இதுக்கெல்லாம் கொஞ்சமாவது வெளிச்சம் வேணும். காத்தும் வேணும். இப்பிடி இருட்டுல அடைச்சு வச்சா எந்த உயிரும் நிக்காது."

பாக்கியம் இருமலை விழுங்கிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"என்னா சொன்னீங்க மிஸ்?"

"வெளிச்சமும் காத்தும் இல்லாட்டி செத்துரும்னு சொன்னேன்."

"அத எழுதிக் குடுப்பீங்களா?"

"என்னத்த?"

"இப்பச் சொன்னீங்களே, அத. எனக்கு இல்ல, செடிக்கு. உங்க ஆபிஸ் பேர் போட்ட தாள்ல, இங்கிலீசுல. சீல் குத்தி."

யசோதினிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்தபோது வாசலைத் திரும்பிப் பார்த்தாள், வேன் டிரைவர் கேட்டுவிட்டானோ என்று. இரண்டு மாதத்தில் வெளிநாட்டிலிருந்து உதவிக்காரர்கள் மாதிரிச் சமையலறையைப் பார்க்க வரப் போகிறார்கள் என்பது அவளுக்கு அப்போதே தெரியும். செத்த செடிகளைக் காட்டினால் முதலில் போவது அவளுடைய வேலை.

அந்தக் கிழமையே கடிதம் வந்தது. மேலே பச்சை இலைச் சின்னம். ஏழாம் காம்பராவில் பராமரிக்கப்படும் உள்ளகத் தாவரங்கள், போதிய சூரிய ஒளியும் காற்றோட்டமும் இன்மையால் கடும் நெருக்கடிக்கு உள்ளாகியுள்ளன; சர்வதேசத் தூதுக்குழுவின் வருகைக்கு முன் நிர்வாகம் ஆவன செய்யும் என நம்புகிறோம். இங்கிலீசில் இது இன்னும் கண்ணீர் வரும்படி இருந்ததாம்.

ஜெயரூபன் அதை எடுத்துக்கொண்டு துரையின் ஒஃபிசுக்குப் போனார். துரை என்பது தோட்டத்து மனேஜர்; நடுத்தர வயதுக்காரர், காலையில் நாயோடு மலை சுற்றுகிறவர். தேயிலை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் தோட்டத்துச் சூழலைப் பற்றி இப்போதெல்லாம் கேள்வி கேட்பதால் அவருக்குத் தூக்கம் குறைந்திருந்தது. கடிதத்தைப் படித்தார். பாதியில் நிறுத்தி, "சர்வதேசமா?" என்று கேட்டார். மீதியைப் படிக்கவில்லை.

நாலாவது நாள் மேசன் பாஸ் இரண்டு பேர், உளியும் சுத்தியலுமாக, வந்து நின்றார்கள்.

பாக்கியம் அன்று வேலைக்குப் போகவில்லை. கூரை இறங்கும் என்று ஆறு வருஷமாகக் கேட்டுப் பழகியவள், முக்கியமான பாத்திரங்களை எல்லாம் வாசலில் எடுத்து வைத்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"பாஸ், சொவத்த ஒடைச்சா கூரை எறங்கிராதா?"

"யாரு சொன்னது?" பாஸ் உளியைக் கல்லிடுக்கில் வைத்தார். "கூரை நிக்கிறது மரத்துலம்மா. இந்தச் சொவரு சும்மா நிக்குது, ஒஃபிஸ்ல இருக்கிறவங்க மாதிரி."

மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. மூன்றடிக்கு இரண்டடி. கண்ணாடிப் பலகை, கொக்கி, மழை அடிக்காமல் வெளியே ஒரு சின்னத் தகரம். இலையில் கரி படியக் கூடாது என்று அடுப்புக்கு மேலே ஒரு தகரப் புகைக்குழாயும் வைத்துக் கூரைக்கு வெளியே தூக்கிவிட்டார்கள். இவ்வளவும் எதற்கு என்று வேலைத் துண்டில் எழுதியிருந்தது: 'செடிகளுக்கு.'

அவர்கள் போனபின் பாக்கியம் சமையலறைக்குள் போய் நின்றாள். வெளிச்சம் அம்மி இருந்த மூலைவரை வந்து விழுந்திருந்தது. இருபத்தாறு வருஷமாகச் சமைத்த இடத்தை அவள் அப்போதுதான் பார்த்தாள். சுவர் முழுதும் தார் பூசினமாதிரிக் கரி. மூலையில் ஒட்டடை கயிறு கயிறாக. எப்போதோ தொலைந்துபோன மகளின் வெள்ளிக் காப்பு ஒன்று, கல்லிடுக்கில் கறுத்துக் கிடந்தது. வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. அப்புறம், இரண்டையும் தள்ளிக்கொண்டு கோபம் வந்தது. ஒரு மத்தியான வேலை. ஒரே ஒரு மத்தியானம். முன்றானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுண்ணாம்பு வாங்க நல்லையாவைப் பசறைக்கு விரட்டினாள்.

அடுப்பு மூட்டினாள். புகை குழாயைத் தேடிப் போய், மேலே ஏறி, வெளியே போனது. நல்லையா வாசலில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தான்.

"ஃபெக்டரி மாதிரியே போகுது புள்ள."

"ஆமாங்க. இன்னைக்குத்தான் நாம தேயிலை அளவுக்கு வந்திருக்கோம்."

வெளிநாட்டார் வரும் நாளுக்குச் செத்த செடிகளுக்குப் பதில் புதிது வந்தது. யசோதினி காலையிலேயே வந்து, ஒவ்வோர் இலைக்கும் தேங்காயெண்ணெய் தடவிப் பளபளப்பாக்கினாள். அன்றைக்கு அடுப்பு மூட்டக் கூடாது என்று உத்தரவு. பாக்கியம் பெரியாயி வீட்டில் போய் ரொட்டி சுட்டுக்கொண்டு வந்தாள். மாதிரிச் சமையலறையில் அன்று சமையல் மட்டும் இல்லை.

நான்கு வாகனங்கள் வந்தன. உயரமான வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்தி, கொழும்புப் பணிப்பாளர் மேடம், கமராக்காரர்கள், துரை, அவருக்குப் பின்னால் ஜெயரூபன். எட்டடிக்கு ஆறடியில் எல்லோரும் நுழைய முடியாமல் முறை வைத்து நுழைந்தார்கள். வெள்ளைக்காரப் பெண்மணி கண்ணை மூடி, மூச்சை ஆழமாக இழுத்து, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். அடுப்பு மூட்டாத சமையலறையில் காற்று உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

பிறகு பாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள். பணிப்பாளர் மேடம் தமிழில் சொன்னார்: "இந்தச் செடிகளால் உங்கள் வாழ்க்கையில் என்ன மாற்றம் ஏற்பட்டது என்று கேட்கிறார்."

பாக்கியம் யோசித்தாள். பொய் சொல்லவும் பிடிக்கவில்லை, அந்தப் பிள்ளை யசோதினியை மாட்டிவிடவும் பிடிக்கவில்லை.

"நான் ஆறு வருசமா ஜன்னல் கேட்டேங்க, குடுக்கல. செடி ஒரே மாசந்தான் கேட்டுச்சு, ஒடனே குடுத்துட்டாங்க. இந்தச் செடியாலதான் எங்களுக்கு ஜன்னல் வந்துச்சு."

மேடம் கொஞ்சம் விழித்தார். பிறகு சிரித்த முகத்தோடு இங்கிலீசில் மொழிபெயர்த்தார். இந்தச் செடிகள் தன் வாழ்க்கைக்கே ஒரு ஜன்னலாக அமைந்துவிட்டன என்று இந்த அம்மா சொல்கிறார்.

வெள்ளைக்காரப் பெண்மணிக்குக் கண் கலங்கியது. கமராக்காரன் இன்னும் கிட்டே வந்தான். யசோதினி சுவர்ப் பக்கம் திரும்பி மணி பிளான்ட்டின் கொடியைச் சரிசெய்தாள்.

எல்லோரும் கை தட்டிய சூட்டில் துரைக்கும் பேச ஆசை வந்தது. வாசலில் நின்று, கமராவைப் பார்த்து, இங்கிலீசில் பேசினார். ஜெயரூபன் கூடியிருந்த சனத்துக்கு அதைத் தமிழில் சொன்னார். அவர் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. வேண்டுமென்றே சத்தமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"தொரை என்ன சொல்றார்னா, இந்தத் தோட்டத்துல எந்த வீட்டுச் சமையலறையில செடி வளக்கிறாங்களோ, அந்த வீட்டுக்கெல்லாம் தோட்டச் செலவுலயே ஜன்னல் வச்சுக் குடுப்பாராம்."

லயத்துப் பெண்கள் கூரைக்கு மேல் நீட்டிய பாக்கியத்தின் புகைக்குழாயை அண்ணாந்து பார்த்தார்கள். பெரியாயி மட்டும் பாக்கியத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

வாகனங்கள் போனபின் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. மற்ற பதினொரு வீட்டில் செடி இல்லை. பாக்கியத்தின் வீட்டில் பன்னிரண்டு சட்டி இருந்தது. ஒரு வீட்டுக்கு மூன்று சட்டி இருந்தால் போதும், 'வளர்க்கிறோம்' என்று சொல்லலாம். ஒரு கிழமைக்குள் பத்தாம் காம்பராவிலிருந்தும் நாலாம் காம்பராவிலிருந்தும் கடிதங்கள் கிளம்பின. எங்கள் செடிகள் வெளிச்சமின்றி வாடுகின்றன, ஆவன செய்யவும்.

ஜெயரூபன் பார்வையிட வந்தார், ஒரு சனிக்கிழமை. பதினொரு வீடு பார்க்க வேண்டும். முன்பக்கம் ஒவ்வொரு வாசலாக அவர் போக, பின்பக்கம், சாக்கடைக் கானோரமாக, சட்டிகள் அவரை முந்திக்கொண்டு ஓடின. ஐந்தாம் காம்பராவில் பார்த்த பாம்புச்செடி, அவர் அங்கே பிளேன்டீ குடித்து முடிக்குமுன் எட்டாம் காம்பராவில் வாடிக்கொண்டு நின்றது. சட்டி வந்து சேரத் தாமதமான வீடுகளில் அவருக்கு இரண்டாவது கோப்பையும் ஊற்றினார்கள். ஒன்பதாம் காம்பராவுக்கு வரும்போது அவர் நடையே மாறியிருந்தது.

பெரியாயி வீட்டில், விளிம்பில் உடைந்த ஒரு பீங்கான் சட்டிக்கு முன்னால் நின்றார்.

"இந்தச் சட்டிய நான் எங்கயோ பாத்த மாதிரி இருக்கே."

"செடியெல்லாம் ஒரே மாதிரித்தாங்க இருக்கும்," என்றாள் பெரியாயி. "எங்களையும் ஒஃபிஸ்ல அப்பிடித்தான சொல்றாங்க."

ஜெயரூபன் அவளைப் பார்த்தார். உள்ளறையின் பின்கதவு வழியே, மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற பாக்கியத்தைப் பார்த்தார். அவளுடைய சேலையில் சட்டிமண் ஒட்டியிருந்தது. சிரிப்பை அடக்க அவர் பட்ட பாட்டில் பேனை தாளில் ஓட்டை போட்டுவிட்டது.

"செடி ரொம்ப மோசமா இருக்கும்மா," என்றார். "ரொம்ப அவசரம்னு எழுதுறேன். ஒன்னு மட்டும், அடுத்த வீட்டுல எனக்கு டீ வேணாம்."

தைப்பொங்கலுக்குள் பதினொரு வீட்டுக்கும் ஜன்னல் வந்துவிட்டது. கடைசி மூன்றுக்குக் கண்ணாடி போதவில்லை என்று பலகைக் கதவு போட்டார்கள். கடைசியில் இருப்பவர்களுக்கு எப்போதும் நடப்பதுதான். தோட்டத்து ஒஃபிசில் பித்தளைத் தகடு ஒன்று மாட்டியிருக்கிறது. உள்ளகப் பசுமையில் முன்மாதிரித் தோட்டம் என்று. கொழும்பில் அச்சிட்ட அறிக்கையின் அட்டையில் பாக்கியத்தின் படம். உள்ளே, செடிகள் புகையை எவ்வளவு குறைத்தன என்று மேடு ஏறி இறங்கும் ஒரு வரைபடம். ஜன்னலைப் பற்றி ஒரு வரி இல்லை.

பாக்கியத்தின் இருமல் முழுக்கப் போகவில்லை. இருபத்தாறு வருஷப் புகை ஒரே வருஷத்தில் இறங்காது என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆனால் கண்ணில் சிவப்பு இல்லை. பருப்பில் கல் பொறுக்க வாசலுக்கு வரவேண்டியதும் இல்லை.

யசோதினியின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. இப்போது வேறொரு நிறுவனத்தில், அப்புத்தளைப் பக்கம். ஒருநாள் போன் எடுத்தாள்.

"அம்மா, செடியெல்லாம் நல்லா இருக்கா?"

"இல்ல மிஸ். செடி ஒன்னும் நல்லா இல்ல. அதனாலதான் நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம்."

மறுமுனையில் அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் சிரித்தது. பிறகு, புது இடத்தில் லயத்துப் பெண்களுக்கு யோகாசனம் சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னாள், இடுப்புவலிக்கு நல்லதாம். "கொழுந்துக்கூடையக் கொஞ்சம் சின்னதாக்கச் சொல்லிப் பாருங்க மிஸ்," என்றாள் பாக்கியம். யசோதினி சிரிப்பை நிறுத்தி, "எழுதிப் பாக்கிறேம்மா," என்றாள்.

இந்த மாசி மாதம், உயிரோடிருந்த ஏழு சட்டிகளைச் சாக்கில் சுற்றிக் கொழுந்து லொறியில் ஏற்றி மேல்பிரிவு லயத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பதினாறு காம்பரா. ஞாயிற்றுக்கிழமை பாக்கியமே நேரில் போனாள். மேல்பிரிவுப் பெண்கள் சுற்றி நின்றார்கள்.

"தண்ணிய ரெண்டு நாளைக்கு ஒருக்கா, ஒரு கரண்டி," என்றாள், மணி பிளான்ட்டின் இலையில் விரலால் கரி தடவிக்கொண்டே. "அதுக்கு மேல ஊத்துனா செழிச்சிரும். செழிச்சா ஒஃபிஸ்ல கண்டுக்கமாட்டாங்க."

"ஊத்தாமலே விட்டா என்னாக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"செத்துரும். செத்தா ஃபைல மூடிருவாங்க. சாகவும் கூடாது, நல்லா இருக்கவும் கூடாது. அந்த நெலையில வச்சிருக்கணும்."

"அது எப்பிடிக்கா நமக்குத் தெரியும்?"

பாக்கியம் சட்டியை அவள் கையில் கொடுத்தாள்.

"ஏன்டி தெரியாது? இத்தன வருசமா நம்மள எப்பிடி வச்சிருக்காங்களோ, அப்பிடித்தான்."